மூணு மாசம் ஆகியும் பருவத்துக்கு வராத கறவைகள்: பி.ஜி. ஊசி போடலாமா? (பாகூர்)

பாகூர் கறவை:

எல்லாருக்கும் வணக்கம். பாகூர் பக்கம் சின்னப் பண்ணை, எல்லாம் ஜெர்சி கலப்பினம். கன்று போட்டு மூன்று மாதம் தாண்டியும் நான்கு மாடுகளில் பருவ அறிகுறி எதுவும் தெரியவில்லை. இன்னும் இரண்டு மாடுகள் 21 நாளுக்கு ஒரு தடவை தவறாமல் பருவம் வந்து கத்துகின்றன, சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினை நிற்கவில்லை. மருந்துக் கடையில் கேட்டால், "பி.ஜி. ஊசி 2 மில்லி போடுங்க, மூணாம் நாள் பருவத்துக்கு வந்துடும்" என்கிறார்கள். இன்னொருவர் முதலில் ஜி.என்.ஆர்.ஹெச். போடச் சொல்கிறார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எந்த மாட்டுக்கு எது? ஊசி போட்ட மாட்டின் பாலைப் பாண்லே பால் கூட்டுறவு சொசைட்டிக்கு ஊற்றலாமா? பத்துப் பதினைந்து பெட்டை ஆடும் இருக்கிறது. எல்லாம் ஒரே வாரத்தில் குட்டி போடும்படி செய்ய வழி உண்டா?

கால்நடை மருத்துவர், கடலூர்:

ஐயா, கடையில் சொன்னதை வைத்து ஆறு மாட்டுக்கும் ஒரே ஊசியைப் போட்டுவிடாதீர்கள். எந்த ஊசி என்பதை மாட்டின் சினைப்பையில் (முட்டை உருவாகும் உறுப்பு) இன்று என்ன இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். அதை ஆசனவாய் வழியாகக் கைவிட்டுப் பார்த்தோ ஸ்கேன் செய்தோதான் சொல்ல முடியும். பாகூரிலிருந்து குரும்பாப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரி தூரமில்லை, பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்திலும் பார்ப்பார்கள். இவையெல்லாம் மருத்துவர் சீட்டில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்துகள்.

முதலில் பி.ஜி. அதாவது புரோஸ்டாகிளாண்டின். முட்டை வெளியேறிய இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் திட்டு உருவாகும், நாங்கள் சி.எல். என்போம். அது புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைச் சுரந்து அடுத்த பருவத்தைத் தடுத்து வைத்திருக்கும். சினை பிடிக்காவிட்டால் 16, 17ஆம் நாள் வாக்கில் கருப்பையே புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்து அந்தத் திட்டைக் கரைத்துவிடும், மாடு மறுபடி பருவத்துக்கு வரும். இதே வேலையைச் சில நாள் முன்னதாகச் செய்வதுதான் நீங்கள் வாங்கும் ஊசி. குளோப்ரோஸ்டினால் என்றால் 500 மைக்ரோகிராம், மில்லிக்கு 250 மைக்ரோகிராம் உள்ள குப்பியில் அது 2 மில்லி. டைனோபுரோஸ்ட் என்றால் 25 மில்லிகிராம், வழக்கமான குப்பியில் 5 மில்லி. இரண்டும் தசையில் போடுவது. குப்பியில் இருப்பது எந்த மருந்து என்று பார்க்காமல் "பி.ஜி. 2 மில்லி" என்று சொல்வது ஆபத்து. டைனோபுரோஸ்டை 2 மில்லி போட்டால் பாதி அளவுகூட உள்ளே போகாது.

கரைக்கத் திட்டு இருந்தால்தானே கரையும்? பருவம் முடிந்து முதல் ஐந்து நாள் வரை உள்ள இளம் சி.எல். இந்த ஊசிக்கு அசையாது. 17ஆம் நாளுக்கு மேல் அது தானாகவே கரையத் தொடங்கிவிடும். ஆக 21 நாள் சுழற்சியில் ஏறக்குறைய 6 முதல் 16 வரையே ஊசிக்கு வேலை. நாள் தெரியாமல் போட்டால், நன்றாகச் சுழற்சியில் உள்ள மாடுகளிலேயே பாதியோ சற்றுக் கூடுதலோதான் பலன் தரும். அதனால்தான் நாள் தெரியாத மந்தைக்கு 11 அல்லது 14 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி போடுகிறோம். முதல் ஊசிக்கு வந்தவையும் வராதவையும் இரண்டாவது ஊசி போடும் நாளில் பெரும்பாலும் கரையக்கூடிய திட்டோடு இருக்கும். பருவம் 2 முதல் 5 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஊசி போட்ட அன்று முட்டைப்பை (சினைப்பையில் முட்டை வளரும் கொப்புளம்) எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைப் பொறுத்தது அது. "மூணாம் நாள்" என்று யாரும் உறுதி தர முடியாது.

மிக முக்கியமானது இது. சினை மாட்டுக்குப் போட்டால் சினை கலைந்துவிடும். மாட்டில் சுமார் 150 நாள் வரை கருவைத் தாங்கிப் பிடிப்பது அந்த மஞ்சள் திட்டுதான். "கத்தவில்லை, அதனால் சினை இல்லை" என்று எண்ணிப் போட்டு நல்ல சினையைக் கலைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. உங்கள் நான்கு மாட்டில் எதற்காவது கடந்த ஐந்து மாதத்தில் சினை ஊசி போட்டிருந்தாலோ, காளை தற்செயலாக ஏறியிருந்தாலோ, பரிசோதனை முடியும் வரை பி.ஜி. குப்பியைத் திறக்கவே வேண்டாம்.

அடுத்து ஜி.என்.ஆர்.ஹெச். நம் ஊரில் பெரும்பாலும் கிடைப்பது பியூசரெலின், மில்லிக்குச் சுமார் 4 மைக்ரோகிராம். 10 மைக்ரோகிராம் வேண்டுமென்றால் 2.5 மில்லி. இது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி, முட்டையை வெளியேற்றும் எல்.ஹெச். ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. 10 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்த முட்டைப்பை இருந்தால் அது வெடித்து முட்டை வெளியேறும், அங்கே புதுத் திட்டு உருவாகும். சினைப்பைக் கட்டி உள்ள மாட்டுக்கு இதையே இரட்டிப்பாக, 20 மைக்ரோகிராம், அதாவது 5 மில்லி போட்டு, 7 முதல் 10 நாள் கழித்து பி.ஜி. போடுவது வழக்கம்.

இரண்டையும் கோத்த திட்டம் ஓவ்சிங்க். பர்ஸ்லி, மீ, வில்ட்பேங்க் ஆகிய மூவர் 1995இல் வெளியிட்டது. பருவம் பார்த்துக்கொண்டிருக்காமல் குறித்த நேரத்தில் சினை ஊசி போடலாம் என்பதே இதன் பயன். ஒரு திங்கள் காலை 8 மணிக்கு பியூசரெலின் 2.5 மில்லி. அடுத்த திங்கள் காலை 8 மணிக்கு பி.ஜி. புதன் மாலை 4 மணிக்கு மறுபடி பியூசரெலின் 2.5 மில்லி. வியாழன் காலை 8 மணிக்கு சினை ஊசி. பி.ஜி.க்கும் இரண்டாவது பியூசரெலினுக்கும் நடுவே 56 மணி நேரம், அதிலிருந்து சினை ஊசிக்கு 16 மணி நேரம் வர வேண்டும். நேரம் குளறுபடியானால் மொத்தச் செலவும் வீண். இடையில் எப்போது மாடு தெளிவாகப் பருவத்துக்கு வந்தாலும் திட்டத்தை நிறுத்தி அப்போதே சினை ஊசி போட்டுவிட வேண்டும். திட்டம் தொடங்கிய அன்று சுழற்சியின் 13 முதல் 17ஆம் நாளில் இருந்த மாடுகள் இப்படி முந்திக்கொண்டு வரும். 5 முதல் 12ஆம் நாளுக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.

நூறு மாட்டில் முப்பது நாற்பது ஒரே ஊசியில் நின்றால் அது நல்ல பலன். ஓவ்சிங்க் பருவத்தைக் கண்டுபிடிக்கும் சிரமத்தைக் குறைக்கும், கருவுறும் திறனைக் கூட்டாது. "நூற்றுக்கு எண்பது நிற்கும்" என்று விற்பவரை நம்ப வேண்டாம்.

உங்கள் நான்கு மாட்டில் சிலவற்றின் சினைப்பை வழவழவென்று திட்டும் முட்டைப்பையும் இல்லாமல் இருக்கலாம். அவற்றுக்கு பி.ஜி. மட்டும் போட்டால் பலனே இருக்காது. பெரும்பாலும் காரணம் உடல் மெலிவு. விலா எலும்பு தெளிவாகத் தெரிகிறது, இடுப்பு எலும்புப் பக்கம் குழி விழுந்திருக்கிறது என்றால் உடல்நிலை மதிப்பு (1 முதல் 5 வரை போடுவது) 2.5க்குக் கீழ். கன்று போட்ட பிறகு பாலுக்குப் போகும் சத்து தீனியில் வருவதைவிடக் கூடுதலாக இருந்தால் மூளை இனப்பெருக்கத்தை ஒத்திப்போட்டுவிடும். நாள் முழுக்க வைக்கோல் மட்டும் போடும் இடத்தில் இதுதான் நடக்கிறது. கோ-4 அல்லது கோ.எஃப்.எஸ்-29 பசுந்தீவனம், பாலுக்கேற்ற அடர்தீவனம், தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை, குடற்புழு நீக்கம் என இவை சரியாகி ஆறேழு வாரம் போன பிறகு ஊசியைப் பற்றி யோசிக்கலாம்.

உடல் நன்றாக இருந்தும் சினைப்பை தூங்கினால் புரோஜெஸ்டிரான் சாதனம் வைக்கலாம். டி அல்லது ஒய் வடிவில், பெண்ணுறுப்பினுள் வைப்பது. முதல் நாள் சாதனம் வைத்து பியூசரெலின் 2.5 மில்லி, 7 நாள் கழித்துச் சாதனத்தை எடுத்து பி.ஜி., மெலிந்த மாடாக இருந்தால் அன்றே முட்டைப்பையை வளர்க்கும் இ.சி.ஜி. ஹார்மோன் 400 அலகு, பிறகு ஓவ்சிங்க் போலவே. எடுக்கும்போது கலங்கிய திரவம் வந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. வெளியே தொங்கும் நூல் நீளமாக இருந்தால் பக்கத்து மாடு இழுத்துப் போட்டுவிடும், வெட்டிச் சிறிதாக்குங்கள். எடுத்த சாதனத்தில் இன்னும் ஹார்மோன் மிச்சமிருக்கும். வரப்பில் வீசாமல் மருத்துவமனைக் கழிவோடு சேருங்கள்.

பால் விஷயம்: குளோப்ரோஸ்டினால், பியூசரெலின் இரண்டும் உடலில் வேகமாக உடைந்துவிடுபவை. பல நாடுகளில் பாலுக்குக் காத்திருப்புக் காலமே வைக்கவில்லை. ஆனாலும் நீங்கள் வாங்கும் குப்பியின் துண்டுச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் விதி.

சினை ஊசியாளர், நெல்லிக்குப்பம்:

டாக்டர் சொன்னதோடு, 21 நாளுக்கு ஒரு தடவை கத்தியும் நிற்காத அந்த இரண்டு மாட்டைப் பற்றி.

அண்ணே, சினை ஊசி போடும்போது பெண்ணுறுப்பிலிருந்து வரும் ஒழுக்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்க. முட்டையின் வெள்ளைக்கரு மாதிரித் தெளிவாக, கம்பி போல் நீண்டு தொங்கினால் சரி. வெள்ளைத் துணுக்கு, மஞ்சள் கலங்கல், நாற்றம் ஏதாவது இருந்தால் கருப்பையில் கிருமி. அந்தச் சுற்றில் சினை ஊசி போட்டுக் காசை வீணாக்க வேண்டாம். முதலில் சிகிச்சை. திட்டு இருக்கும் கட்டத்தில் பி.ஜி. போட்டால் கருப்பை வாய் திறந்து அழுக்கு வெளியேறும், அடுத்த பருவத்துக்குச் சுத்தமாகும்.

ஒழுக்கு தெளிவாக இருந்தும் நிற்கவில்லை என்றால் நேரத்தைப் பாருங்க. காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. பருவம் தொடங்கி 28 முதல் 32 மணி நேரத்தில்தான் முட்டை வெளியாகும். கத்தத் தொடங்கிய உடனே போட்டுவிட்டுப் போனால் விந்து முட்டை வருவதற்குள் தளர்ந்துவிடும். முட்டை வெளியாகத் தாமதமாகும் மாட்டுக்கு சினை ஊசி போடும் அதே நேரத்தில் பியூசரெலின் 2.5 மில்லி போடச் சொல்வாங்க. இதை டாக்டர் பார்த்து முடிவு செய்யணும்.

கட்டிப்போட்டு வளர்க்கும் இடத்தில் ஏறுவதும் நின்று கொடுப்பதும் தெரியாது. பங்குனி சித்திரையில் பெரும்பாலான மாடு இரவிலும் விடியற்காலையிலும்தான் பருவம் காட்டும். காலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இருபது நிமிடம் நின்று பாருங்க. வாலில் காய்ந்து ஒட்டிய ஒழுக்கு, வீங்கிச் சுருக்கம் நீங்கிய பெண்ணுறுப்பு, ஒரு வேளைப் பால் குறைதல், இதெல்லாம் கத்தாமல் வந்து போகும் ஊமைப் பருவத்திலும் இருக்கும். வாலடியில் ரத்தம் தெரிந்தால் பருவம் ஒன்றிரண்டு நாள் முன்பே முடிந்துவிட்டது என்று அர்த்தம். அன்று சினை ஊசி போடவே கூடாது. ஆனால் அந்தத் தேதியைச் சுவரில் எழுதி வைங்க. ஒரு வாரம் கழித்து டாக்டரிடம் காட்டினால் பி.ஜி.க்கோ ஓவ்சிங்க் தொடங்கவோ மிகச் சரியான நாளாக இருக்கும். பருவமே காட்டாத மாடு என்று நீங்கள் சொல்லும் நான்கில் ஒன்றிரண்டு இப்படி ஊமையாக வந்து போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

உறைவிந்துக் குச்சியை 37 டிகிரி தண்ணீரில் 30 நொடி. சுமாரான வெந்நீர் என்று கைவைத்துப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, வெப்பமானி வேணும். எடுத்த பின் துடைத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் போட்டு முடிக்கணும். கருப்பை வாயைத் தாண்டிய உடனே, கருப்பையின் உடல் பகுதியில் மெதுவாக விடணும். கருப்பையின் கொம்புப் பகுதிக்குள் ஆழமாகச் செருகினால் உள்சுவர் கிழியும்.

ஹார்மோன் ஊசியும் அப்படித்தான். 18 கேஜ், ஒன்றரை இஞ்ச் ஊசி, மாட்டுக்கு ஒரு புது ஊசி. சாணி ஒட்டிய தொடையில் குத்தினால் பி.ஜி. போட்ட இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் கிருமி உள்ளே போய் வீங்கி, அழுத்தினால் நறநறவென்று காற்று ஓடும். மாடு செத்தே போகலாம். கழுத்துத் தசையில், துடைத்துவிட்டுப் போடுங்க.

புவனகிரி ஆட்டுப்பட்டி:

ஆட்டுக் கேள்விக்கு. ஒரே வாரத்தில் குட்டி போடச் செய்யலாம், ஆனால் முதலில் தேதியைக் கணக்குப் போடுங்க. வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் 150 நாள். நம் பகுதியில் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் குட்டி விழுந்தால் ஈரத்தரையில் நிமோனியா வந்து வரிசையாகப் போகும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இணை சேர்த்தால் ஜனவரி கடைசியில், பொங்கல் முடிந்து குட்டி விழும். அப்போது தரை காய்ந்திருக்கும், மழைக்குப் பிறகு தழையும் பசுமையாக இருக்கும்.

செலவு குறைந்த வழி பி.ஜி. மட்டும். குளோப்ரோஸ்டினால் 125 மைக்ரோகிராம், அதாவது 0.5 மில்லி. 11 நாள் இடைவெளியில் இரண்டு தடவை. இரண்டாவது ஊசி போட்டு 2, 3 நாளில் பெரும்பாலான பெட்டைகள் பருவத்துக்கு வரும். வெள்ளாட்டில் ஒரு பெரிய எச்சரிக்கை உண்டு. ஐந்து மாதமும் சினையைக் காப்பாற்றுவது மஞ்சள் திட்டுதான், அதனால் சினையின் எந்த மாதத்தில் பி.ஜி. போட்டாலும் கலையும். கிடா சேர்ந்து மேய்ந்த பட்டியில் ஸ்கேன் பார்க்காமல் போடவே கூடாது.

பருவம் குறைவாக வரும் மாதங்களிலும் வேலை செய்வது பெண்ணுறுப்பினுள் வைக்கும் புரோஜெஸ்டிரான் பஞ்சு. 11 நாள் திட்டம்: முதல் நாள் பஞ்சு, 9ஆம் நாள் பி.ஜி. 0.5 மில்லி, 11ஆம் நாள் பஞ்சை எடுத்து இ.சி.ஜி. 400 அலகு. 24 முதல் 48 மணி நேரத்தில் பருவம். செம்மறிக்குப் பஞ்சு 12 முதல் 14 நாள் இருக்கும். ராஜஸ்தான் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிலையம் அவிகேசில்-எஸ் என்ற பஞ்சைச் செம்மறிக்காகவே உருவாக்கியிருக்கிறது.

பஞ்சை உள்ளே வைக்கும் கைப்பிடிக் குழாயைக் கிருமிநாசினியில் ஆட்டுக்கு ஆடு கழுவணும். பஞ்சின் மேல் ஆன்டிபயாடிக் தூளோ களிம்போ தடவணும். எடுக்கும்போது நாற்றமடிக்கும் திரவம் வரும், அது நோய் இல்லை. இதுவரை குட்டி போடாத இளம் பெட்டைக்குக் குழாயைத் திணிக்காமல் விரலால் மெதுவாக உள்ளே தள்ளணும். நூல் வெளியே தெரியாவிட்டால் அறுந்துவிட்டது என்று விட்டுவிடாதீங்க, பெரும்பாலும் உள்ளே சுருண்டிருக்கும். பஞ்சு உள்ளேயே தங்கினால் சீழ் பிடிக்கும்.

இ.சி.ஜி. அளவைக் கூட்டினால் குட்டி எண்ணிக்கை கூடும் என்று 700, 800 அலகு போடுபவர்கள் உண்டு. மூன்று நான்கு குட்டியாகி, பால் பத்தாமல் பாதி போகும். தாய்க்கும் ஆபத்து. வருடா வருடம் அதே ஆட்டுக்கு இ.சி.ஜி. போட்டால் உடல் அதை எதிர்க்கும் பொருளை உற்பத்தி செய்து, பருவம் தாமதமாகி, பலன் குறைந்துகொண்டே போகும்.

கிடாவையும் மறந்துவிடக் கூடாது. சாதாரணமாக ஒரு கிடாவுக்கு 25 பெட்டை விடலாம். ஒரே நாளில் பருவத்துக்கு வந்தால் ஒரு கிடாவுக்கு ஐந்தாறுக்கு மேல் முடியாது. உங்கள் பதினைந்துக்கு இரண்டு மூன்று நல்ல கிடா வேணும். இல்லாவிட்டால் இரண்டு நாள் இடைவெளி வைத்து இரு பிரிவாகப் பிரித்துத் தொடங்குங்க.

குதிரைக் கொட்டில், கோட்டக்குப்பம்:

இதே வரிசையில் பெண் குதிரைக்கும் ஒரு கேள்வி. குதிரைக்குப் பி.ஜி. போட்டால் வியர்த்துக் கீழே விழுகிறது என்கிறார்கள், உண்மையா? வாயில் ஊற்றும் மருந்தும் உண்டாமே?

கால்நடை மருத்துவர், கடலூர்:

உண்மைதான். குளோப்ரோஸ்டினால் 250 மைக்ரோகிராம், 1 மில்லி போட்ட கால்மணி நேரத்தில் வியர்வை, லேசான வயிற்றுவலி, கழிச்சல் வரும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். போட்டுவிட்டு உடனே வேலைக்கோ வண்டிக்கோ விடாமல் நிழலில் நடத்திக்கொண்டிருக்க வேண்டும். மூச்சிரைப்பு உள்ள குதிரைக்குத் தவிர்க்க வேண்டும். முட்டை வெளியாகி ஐந்து நாள் ஆன பிறகே இங்கும் பலன்.

வாயில் கொடுப்பது புரோஜெஸ்டிரான் போலவே வேலை செய்யும் ஆல்ட்ரினோஜெஸ்ட். உடல் எடையில் கிலோவுக்கு 0.044 மில்லிகிராம், தினம் ஒரு வேளை, 15 நாள். மில்லிக்கு 2.2 மில்லிகிராம் உள்ள திரவமென்றால் 400 கிலோ குதிரைக்கு 8 மில்லி. நிறுத்தி நான்கைந்து நாளில் பருவம் வரும், ஆனால் முட்டை எப்போது வெளியாகும் என்பது குதிரைக்குக் குதிரை ஒரு வாரத்துக்கு மேல்கூட மாறும். அதனால் ஸ்கேனில் முட்டைப்பை 35 மில்லிமீட்டர் ஆனதும் முட்டையை வெளியேற்றும் ஹெச்.சி.ஜி. ஹார்மோன் 2500 அலகு ரத்தக் குழாயில் போட்டால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வெளியாகும். இணை சேர்ப்பதை அதற்கு ஏற்ப வைக்கலாம்.

இந்தத் திரவமும் பி.ஜி.யும் தோல் வழியாக நம் உடலுக்குள் போகக்கூடியவை. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் பி.ஜி.யைக் கையாளக் கூடாது. நைட்ரைல் கையுறை போடுங்கள். தோலில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மாட்டைப் பிடிக்கும் வேலை வீட்டுப் பெண்களிடம்தான் பெரும்பாலும் வருகிறது, ஊசியை இழுப்பதும் அவர்களாகவே இருப்பார்கள். தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

பாகூர் கறவை:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். கடையில் எஸ்ட்ரடையால் என்ற பெண் ஹார்மோன் ஊசியும் சொன்னார்கள், உடனே கத்தும் என்று. அது சரியா? சினை ஊசி போட்ட பிறகு நின்றதா என்று எப்போது பார்ப்பது?

கால்நடை மருத்துவர், கடலூர்:

எஸ்ட்ரடையால் போட்டால் மாடு கத்தும், ஏறும், ஒழுக்கு வரும். சினைப்பை தூங்கும் மாட்டில் முட்டை மட்டும் வெளியாகாது. பார்ப்பதற்குப் பருவம், உள்ளே ஒன்றுமில்லை, சினை ஊசி வீண். உணவுக்கான கால்நடைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடை செய்தே விட்டது. வேண்டாம். பால் இறங்குவதற்கென்று ஆக்ஸிடோசின் போடுபவர்களையும் கேட்காதீர்கள். கறவையைக் கூட்டுவதற்காக விலங்கின் உடல்நலத்துக்குக் கேடான ஊசி போடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி குற்றம்.

சினை ஊசி போட்ட 18 முதல் 24ஆம் நாள் வரை காலையும் இரவும் கவனியுங்கள், பருவம் திரும்பினால் அந்த வாரத்திலேயே தெரியும். திரும்பாததை மட்டும் வைத்துச் சினை என்று முடிவு செய்யாதீர்கள். ஸ்கேன் என்றால் 30ஆம் நாள், கையால் பார்ப்பதென்றால் 60 முதல் 75ஆம் நாள். சினை இல்லை என்று 30ஆம் நாள் ஸ்கேனில் தெரிந்து, அன்று திட்டும் இருந்தால் பி.ஜி. போட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம், ஒரு மாதம் மிச்சம். முதல் வாரம் கரு வெப்பத்தை மிகக் குறைவாகவே தாங்கும். சித்திரை வைகாசியில் சினை ஊசி போட்ட மாட்டை உச்சிவெயிலில் மேய்ச்சலுக்கு ஓட்டாமல் கொட்டகையில் வைத்து, மதியம் இரண்டு தடவை உடம்பில் தண்ணீர் தெளித்து, காற்றோட்டமாக விடுங்கள்.

நான்கு மாட்டையும் கூட்டிப்போகும்போது ஒவ்வொன்றும் கன்று போட்ட தேதி, கடைசிச் சினை ஊசித் தேதி, நஞ்சுக்கொடி தானாக விழுந்ததா இல்லையா, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.